களைக்கொத்தின் பிடி

கடத்தூரில் என் தங்கையைக் கொடுத்திருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கி, பஸ் பிடித்து அங்கே போய் நாலு நாள் தங்கிவிட்டு வருவது என் வழக்கம். சென்ற முறை போயிருந்தபோது, அவர்கள் நிலக்கடலைக் காட்டில் களை வெட்ட வருகிற ஓர் அம்மாள் விளக்கு வைக்கிற நேரத்தில் திண்ணைக்கு வந்தாள். ஐம்பது வயசிருக்கும். முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்த ஒரு பெரிய உறையை என்னிடம் நீட்டினாள்.

“அண்ணா, நீங்க இங்கிலீசு படிச்சவங்க. இதுல இன்னா எழுதியிருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க.”

உள்ளே அவளுடைய இடுப்பின் ஸ்கேன் படம் இருந்தது. அதை எடுப்பதற்காக ஓர் ஆட்டை விற்றாளாம். ஜவ்வு தேய்ந்திருக்கிறது, ஓரிடத்தில் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது என்று கூடவே ஒரு காகிதம். படித்துச் சொன்னேன்.

“டாக்டர் என்னம்மா சொன்னார்?”

“குனியாதேன்னாரு. வெயிட்டு தூக்காதேன்னாரு. இடுப்புக்கு ஒரு பெல்ட்டு எழுதிக் குடுத்தாரு.”

“சரி, அப்புறம்?”

“குனியாம களை எப்பிடிண்ணா வெட்றது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து, தெரிந்த டாக்டர்களையும் புத்தகங்களையும் தொந்தரவு செய்து, பதிலைத் தேடினேன். தேடத் தேட எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாவல் எழுதுகிறவனுக்கு இடுப்பு வலியைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் இடுப்பு வலி உண்டு; முப்பது வருஷம் உட்கார்ந்து எழுதிச் சம்பாதித்தது. எனக்கு வலி வந்தபோது யாரும் என்னை “எழுதாதே” என்று சொல்லவில்லை. மேஜையை உயர்த்தச் சொன்னார்கள். நாற்காலியை மாற்றச் சொன்னார்கள். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கச் சொன்னார்கள். என் வேலையை என் உடம்புக்குத் தகுந்தபடி திருத்தினார்கள். அவளுக்கு மட்டும் வேலையையே விடு என்று புத்தி சொல்லி அனுப்பினார்கள். வலி ஒன்றுதான்; வைத்தியம் இரண்டாகிவிட்டது. ஏன்?

முதலில் அந்த ஸ்கேன் படத்தை எடுத்துக்கொள்வோம். வலியே இல்லாத 3,110 பேரின் முதுகெலும்புப் படங்களைப் பற்றிய ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 2015இல் ஒரு கணக்கு வெளியாயிற்று. இருபது வயசுக்காரர்களிலேயே நூற்றுக்கு 37 பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் தெரிந்தது. ஐம்பது வயசில் 80 பேருக்கு. எண்பது வயசில் 96 பேருக்கு. இவர்கள் எல்லாரும் சௌக்கியமாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள்! கால் மரத்துப்போவது, நீர் பிரிவதில் தடை, காய்ச்சல், எடை குறைவது, அடிபட்டது போன்ற அபாயக் குறிகள் இருந்தால் படம் எடுக்கத்தான் வேண்டும். அப்படி எதுவும் இல்லாதபோது, நரைத்த முடியைப் படமெடுத்துக் காட்டி ‘உனக்கு வியாதி’ என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பெல்ட்டின் கதையும் இப்படித்தான். நாட்பட்ட இடுப்பு வலிக்கு அதை வாடிக்கையாகக் கொடுக்க வேண்டாம் என்று 2023 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனமே சொல்லிவிட்டது. ஆக, அந்த அம்மாள் ஆட்டை விற்று வாங்கி வந்தது ஒரு படமும் ஒரு பயமும்தான்.

அடுத்து, “குனியாதே” என்பது. உடம்பின் எலும்பும் தசையும் நெம்புகோலாக வேலை செய்கிற விதத்தை ஆராய்கிற ஒரு சாஸ்திரம் இருக்கிறது. பயோமெக்கானிக்ஸ் என்பார்கள். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். கிணற்றில் ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது பழைய விஷயம். ஐம்பது கிலோ எடையுள்ள பெண் இடுப்பை மடித்துக் குனிந்தால், ஏறக்குறையப் பாதி உடம்பு முன்னால் தொங்குகிறது. அதை இழுத்துப் பிடிக்கிற முதுகுத் தசையோ, எலும்பின் மையத்திலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. தொங்குகிற பாரம் அதைப்போல் நாலைந்து மடங்கு தள்ளி நிற்கிறது. ஆகவே இருபத்தைந்து கிலோவைத் தாங்க நூறு கிலோவுக்கு மேலான இழுப்பு வேண்டியிருக்கிறது. கையில் ஒரு துரும்புகூட இல்லாமலே இந்தக் கணக்கு!

இன்னும் முழுக்கக் குனிந்தால் வேடிக்கையான ஒன்று நடக்கிறது. முதுகுத் தசைகள் வேலையை நிறுத்திவிடுகின்றன. பாரம் முழுவதும் எலும்புகளைப் பிணைத்திருக்கும் நார்களின் மேல் விழுகிறது. பிளாய்ட், சில்வர் என்ற இரண்டு ஆங்கில ஆராய்ச்சியாளர்கள் இதை 1950களிலேயே அளந்து எழுதிவிட்டார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கிலும் அவருடைய சகாவும் 1992இல் இன்னொன்றைக் காட்டினார்கள். இருபது நிமிஷம் முழுக்கக் குனிந்திருந்தவர்களுக்கு, நிமிர்ந்து அரை மணி ஆன பிறகும், அந்த நார்களின் தளர்ச்சி முழுவதும் நீங்கவில்லை. இது பல்கலைக்கழகத்தின் இருபது நிமிஷம். கடத்தூர்க் காட்டில் காலையிலிருந்து வெயில் ஏறுகிற வரைக்கும் குனிந்த முதுகுக்கு எத்தனை அரை மணி வேண்டும்?

இங்கே நான் நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குனிவது பாவமல்ல. முதுகெலும்பு கண்ணாடிக் குச்சியுமல்ல. குனியவும் நிமிரவும் திரும்பவும்தான் அது ஏற்பட்டிருக்கிறது. வலி என்பது வெறும் நெம்புகோல் கணக்குமல்ல. தூக்கம், கவலை, கடன், மனத்தின் பயம் எல்லாம் வலியைக் கூட்டுகின்றன என்று இன்றைய விஞ்ஞானிகள் வற்புறுத்துகிறார்கள். படுத்துக் கிடப்பதைவிட நடமாடுவதே மருந்து என்கிறார்கள். உலகத்தில் 2020ஆம் வருஷத்தில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் களை வெட்டினவர்கள் அல்லர். இவை யாவும் வாஸ்தவம். ஆனால் வாசகர்களே, நாம் குனிந்தால் நம் இஷ்டத்துக்கு நிமிர்கிறோம். அந்த அம்மாள் அவள் இஷ்டத்துக்கு நிமிர முடியாது. இடுப்பில் கையை வைத்து ஒரு நிமிஷம் நின்றால், “இன்னா, வேடிக்கை பாக்கறியா?” என்று வரப்பிலிருந்து குரல் வரும். அந்தக் குரல் என் தங்கை வீட்டுக் காட்டிலும் கேட்டது என்பதை நான் வெட்கத்தோடு சொல்லுகிறேன்.

“சரியாகக் குனியக் கற்றுக்கொடுத்தால் போகிறது” என்பவர்கள் உண்டு. முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை என்று பாரம் தூக்குகிறவர்களுக்கு வகுப்பு எடுத்துப் பார்த்தாயிற்று. அந்த வகுப்புகள் முதுகு வலியைத் தடுத்ததற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று 2011இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு முடிவு கட்டியது. குற்றம் அவள் குனிகிற முறையில் இல்லை. ஒரு முழம்கூட இல்லாத பிடியைக் கையில் கொடுத்துவிட்டு, நேராக நில் என்றால் எப்படி நிற்பாள்?

இந்த ஒரு முழப் பிடியைச் சட்டம் போட்டு ஒழித்த தேசம் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கீரைத் தோட்டங்களிலும் பீட் கிழங்குத் தோட்டங்களிலும் மெக்ஸிகோ வம்சத்துக் கூலிகள் இப்படிப்பட்ட குட்டைக் கொத்தைப் பிடித்துத்தான் முதுகு ஒடிந்தார்கள். அவர்களுடைய தலைவர் ஸீஸர் சாவேஸே அதைப் பிடித்து வேலை செய்தவர். வாழ்நாளெல்லாம் முதுகு வலியோடு இருந்தவர். நீளப் பிடி போட்டால் பயிர் வெட்டுப்படும், நஷ்டம் வரும் என்று தோட்ட முதலாளிகள் வாதாடினார்கள். குட்டைப் பிடியாக இருந்தால், எவன் நிமிர்ந்து நிற்கிறான் என்பது மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரியும். அதுதான் உண்மைக் காரணம் என்று கூலிகள் சொன்னார்கள். டாக்டர்கள் கூலிகளின் பக்கம் சாட்சி சொன்னார்கள். 1975இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் கூலிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்த வருஷமே குட்டைக் கொத்து தடை செய்யப்பட்டது. கலிபோர்னியாவின் விவசாயம் அதனால் மூழ்கிவிடவில்லை.

நம் தேசத்தில் அறிவுக்குப் பஞ்சமா? இல்லை. விவசாயக் கூலிகளின் உடம்பை, ஆணையும் பெண்ணையும், 79 விதமாக அளந்து, அவர்களுடைய கைபலத்தையும் சேர்த்து, போபாலிலுள்ள மத்திய வேளாண் பொறியியல் நிலையம் 2009இல் ஒரு புத்தகமாகவே போட்டிருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் அந்த ஆராய்ச்சித் திட்டத்தில் ஓர் அங்கம். நின்றபடியே தள்ளி இழுக்கிற நீளப் பிடிக் களைக்கருவிகளும் அங்கே உருவாகியிருக்கின்றன. அளவு தெரியும், கருவி தெரியும், காரணமும் தெரியும். தர்மபுரியை 1965இல் தனி ஜில்லாவாக்கினோம். 2008இல் அங்கே ஒரு மருத்துவக் கல்லூரியும் வைத்தோம். ஆனால் நான் பார்த்த அந்தக் காட்டில், கொல்லுப் பட்டறையில் அடித்த அதே குட்டைக் கொத்துத்தான் பதினோரு பெண்களின் கையிலும் இருந்தது.

காரணம் ரகசியமல்ல. கொத்து அவளுடையது, வீட்டிலிருந்து அவளே கொண்டுவருகிறாள். காட்டுக்காரருக்குக் காடு சுத்தமானால் சரி. நீளப் பிடிக் கருவிக்கு வரிசை பிடித்து விதைக்க வேண்டும். இடைவெளி விட வேண்டும். அந்தச் சிரமத்தை அவர் ஏன் எடுத்துக்கொள்கிறார்? வலிக்கிற முதுகு ஒருத்தியுடையது, பணம் இன்னொருத்தருடையது. களைக்கொல்லி மருந்தை அடித்துவிடலாம் என்று சிலர் சுலப வழி சொல்கிறார்கள். வலி போகும், கூடவே கூலியும் போகும்.

ஆகவே பல்கலைக்கழகத்துப் பெரியவர்களுக்கு என் விண்ணப்பம் இது: உங்கள் கருவிகளைக் கண்காட்சியில் வைத்தது போதும். கடத்தூர்ச் சந்தைக்குக் கொண்டுவாருங்கள். அந்தப் பெண்களின் கையில் கொடுத்து ஒரு பருவம் முழுக்கப் பாருங்கள். அவர்கள் வேண்டாமென்றால் ஏன் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சர்க்காருக்கு: டிராக்டருக்கு மானியம் கொடுக்கிற கை, களைக்கருவியைக் கூலிக்காரியின் பெயரிலேயே கொடுக்கட்டும். நிலத்துக்காரர்களுக்கு: நிமிர்ந்து நிற்கிற நிமிஷத்துக்கும் கூலி உண்டு.

கடைசியாக எங்கள் கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை. வயலில் வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்களை வில்லென்றும் நாணல் என்றும் வர்ணித்தவர்கள் நாங்கள். நானே இரண்டு நாவல்களில் அப்படி எழுதியிருக்கிறேன். வாசகர்களும் ரசித்துக் கடிதம் போட்டார்கள். அந்தக் கடிதங்களைப் படித்தபோது என் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை இருந்தது.

இந்த வருஷம் என் மச்சினருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அடுத்த கடலையை வரிசை பிடித்து விதையுங்கள். நீளப் பிடி போட்ட களைக்கருவி பதினொன்றுக்கு நான் பணம் அனுப்புகிறேன் என்று. அவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.