பாவேந்தர் ஊரா, குடிப்பார் ஊரா?

வேலூர் லாங் பஜாரில் (நெடுங்கடைத் தெரு என்று சொல்ல நமக்கு இன்னும் நா எழவில்லை) மண்டியொன்றில் கணக்கெழுதும் இளைஞன் என் பழைய மாணவன். அண்மையில் எதிர்ப்பட்டவன், "ஐயா, புதுவை போய் வந்தேன்" என்றான். நெஞ்சு குளிர்ந்தது. "பெருமாள் கோயில் தெருவில் பாவேந்தர் வாழ்ந்த இல்லத்தைக் கண்டாயா?" என்றேன். தலை குனிந்தான். உடனிருந்த தோழனோ, ஓரிரவில் ஏறி இறங்கிய குடிப்பகங்களை விரல் மடக்கி எண்ணிக் காட்டினான். ஒரு கை விரல்கள் போதவில்லை. மறுவாரம் அவன் தாய் குடிக்கூலிக்குக் கடன் கேட்டு என் வாயிலில் நின்றார்.

காரிக்கிழமை மாலை கூலி கைசேர்ந்ததும் ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வழியே கடற்கரைக்கு ஓடும் இப் பழக்கத்திற்கு வரலாறு உண்டு. 1937-இல் சேலத்தில் தொடங்கிய குடிவிலக்கு 1948-இல் சென்னை மாநிலம் முழுதும் பரவிற்று. பிரெஞ்சியர் ஆண்ட புதுவையிலோ கடைகள் திறந்தே இருந்தன. வேட்கை கொண்டவன் வேலி தாண்டினான். 1954-இல் ஆட்சி கைமாறியது, கடை மாறவில்லை. இங்கோ 1971-இல் விலக்குத் தளர்ந்து, 1974-இல் இறுகி, 1981-இல் மறுபடி தளர்ந்து, 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்துகின்றது. பின்னும் ஏன் எல்லை தாண்டுகின்றனர்? அங்குத் தீர்வை குறைவு. அதனால் விலையும் குறைவு. 2020-இல், தொற்றுநோய்க் காலத்தில், புதுவை அரசு தனித்தீர்வை விதித்துத் தமிழ்நாட்டு விலைக்கு ஒப்பாக்கியது. 2021-இல் அதனை நீக்கிவிட்டது. ஒப்பாக்க இயலும் என்பது தெரிந்தது. மனமில்லை என்பதும் தெரிந்தது.

"சங்கச் சான்றோரே குடித்தனரே, நீர் ஏன் வெகுளுகின்றீர்?" என்பார் உளர். குடித்ததை மறுக்கேன். புதுவையை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் நடந்த அகழாய்வு, உரோமர் தேறல் கொணர்ந்த சாடிகளின் உடைசல்களை வெளிப்படுத்திற்று. யவனர் தந்த தேறலைப் புறநானூறும் பேசுகின்றது. அதியமான் ஔவைக்குக் கள் பகிர்ந்தான். அது விருந்து, அவன் மறைந்தபின் அதனை எண்ணி ஔவை அழுதார். கடைக்குக் கடை தாவி, விடிந்தபின் எங்குக் கிடந்தோம் என்றறியாத இவ் வெறியாட்டிற்கு அவ் விருந்தைச் சான்று காட்டுவது முன்னோரை இழிப்பதன்றி வேறென்ன? கள்ளுண்ணாமைக்கென வள்ளுவர் தனியே பத்துக் குறட்பாக்கள் யாத்ததை மட்டும் இவர்கள் மறந்துவிடுவர்.

புதுவை மக்களை நான் பழிக்கவில்லை. வெளியூரார் கூச்சலுக்கு அஞ்சிக் கதவடைக்கும் அவ்வூர்த் தமிழ்க் குடும்பங்களே முதலில் துன்புறுவோர். பழி இரண்டு அரசுகளுக்கும் உரியது. ஒன்று மலிவாக விற்று அழைக்கின்றது. மற்றொன்று, தானும் விற்பதால், அதனைத் தடுத்துக் கேட்க வாயற்று நிற்கின்றது. புதுவை அரசு 2020-இல் செய்ததை மீண்டும் செய்க. தமிழ்நாட்டரசு 2023-இல் 500 கடைகளை மூடியதோடு நில்லாது எஞ்சியவற்றையும் படிப்படியாக மூடுக.

வரும் விடுமுறையில் அம் மாணவனை நானே புதுவைக்கு அழைத்துச் செல்லவிருக்கின்றேன். பாவேந்தர் இல்லத்தையும் அரிக்கமேட்டையும் காட்டி, இருட்டுமுன் திரும்பப் பேருந்தேற்ற வேண்டும். தன் தாயும் உடன் வரலாமா என்று கேட்டான்.