மணத்திற்குச் சாட்சி யார்?

கணவன் மனைவி என்று இருவர் சொல்கின்றனர். உற்றார் ஆம் என்கின்றனர். ஊரார் ஆம் என்கின்றனர். கடல் கடந்த நாடொன்றின் குடிவரவு அலுவலகம் மட்டும், "சான்று எங்கே?" என்று கேட்கிறது. ஊரறிந்த உண்மைக்குத் தாள் தேடி அலையும் காட்சியை இன்று தமிழர் இல்லங்கள் பலவற்றில் காண்கிறோம். நாளை நம்மில் பலர் மேற்படிப்புக்கும் வேலைக்கும் கடல் கடக்க இருக்கிறோம். சிலர் அங்கேயே தங்கி, வாழ்க்கைத் துணையை அழைத்துக்கொள்ள விண்ணப்பமும் போடுவர். ஆகவே, தோழர்களே, இது எவர் வீட்டுக் கதையோ அன்று. நம் வீட்டுக் கதை.

அவர்கள் கேட்பது என்ன? அமெரிக்க நாட்டை எடுத்துக் கொள்வோம். அந்நாட்டுக் குடிமகனோ நிரந்தரவாசியோ தன் துணைக்காக ஐ-130 என்னும் மனுவை இடுகிறார். மணச்சான்றிதழ் மட்டும் போதாது. மணம் மெய்யானது என்றும் காட்ட வேண்டும். அதற்கு விதிகள் தரும் பட்டியலைப் பாருங்கள்: இருவர் பெயரிலும் உள்ள சொத்து, இருவரும் ஒப்பமிட்ட வாடகை உடன்படிக்கை, இருவரும் கலந்து புழங்கும் வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மணத்தை நேரில் அறிந்தவர் தரும் உறுதிமொழிப் பத்திரம். இதோடு முடிந்ததா? இல்லை. 1986-இல் வந்த திருமண மோசடித் தடுப்புத் திருத்தச் சட்டத்தின்படி, மணமாகி ஈராண்டு நிறையாத துணைக்கு முதலில் கிடைப்பது நிபந்தனையோடு கூடிய ஈராண்டு வதிவுரிமைதான். அது முடியும் முன் கடைசித் தொண்ணூறு நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து மீண்டும் ஒரு மனு இட்டு, மீண்டும் சான்று காட்ட வேண்டும்.

சான்று கேட்பதே தவறு என்று முழங்க நான் வரவில்லை. கடவுச்சீட்டுக்காகத் தாலி கட்டுவோர் உண்டு. மணம் செய்து வைப்பதாகச் சொல்லிப் பணம் கறக்கும் தரகர்கள் உண்டு. வெளிநாட்டு மாப்பிள்ளை என்று நம்பிக் கழுத்தை நீட்டி, விமானம் ஏறிப் போனவனிடமிருந்து ஒரு வரிக் கடிதமும் வாராமல் கண்ணீர் வடிக்கும் பெண்களும் உண்டு. பொய்யைத் தடுக்க ஓர் அரசு விசாரிக்கட்டும். அது அதன் கடமை. என் கேள்வி வேறு. விசாரிக்கலாம், எந்தக் கோல் கொண்டு அளப்பது?

ஆய்வுக்கூடத்தில் முதல் நாளே நமக்குச் சொல்லித் தருகிறார்கள்: கருவியை நம்புமுன் கருவியைச் சோதி. நூறு பாகைக்கு மேல் காட்டாத வெப்பமானியை உலைக்குள் விட்டு, உலையின் வெப்பம் நூறு பாகையே என்று குறித்து வைப்பவனை எந்த ஆசிரியரும் தேர்ச்சி பெற விடமாட்டார். கருவி காட்டவில்லை என்பதால் பொருள் இல்லை என்று ஆகாது. அறிவியலில் அரிச்சுவடியாக உள்ள இந்த உண்மை, அலுவலகத்தில் மட்டும் அந்நியமாகிப் போவது ஏன்?

மேற்சொன்ன பட்டியல் யாரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது? இருவர் தாமே சந்திக்கின்றனர். சில ஆண்டு பழகுகின்றனர். ஒரே வீட்டை வாடகைக்கு எடுக்கின்றனர். ஒரே கணக்கில் சம்பளத்தைப் போடுகின்றனர். அவர்களுக்கு இந்தக் கருவி பொருந்தும். நம் ஊர்த் திருமணம் எப்படி? பெரியவர்கள் விசாரிக்கின்றனர், பெண் பார்க்க வருகின்றனர், நிச்சயம் நடக்கிறது, மாப்பிள்ளை முப்பது நாள் விடுமுறையில் வருகிறார், மாலை மாற்றுகிறார், விடுமுறை தீர்ந்ததும் விமானம் ஏறுகிறார். மணத்துக்கு முன் இருவரும் சேர்ந்து எடுத்த படம் எத்தனை இருக்கும்? இருவர் பெயரில் வீடு எங்கிருந்து வரும்? ஒரே நாட்டில் இருந்தால்தானே ஒரே முகவரி இருக்கும்! ஒன்றாக வாழ விடுங்கள் என்று கேட்டு வந்தவர்களிடம், ஒன்றாக வாழ்ந்ததற்குச் சான்று காட்டுங்கள் என்பது எந்த ஊர் நியாயம்?

நம்மிடம் சான்றே இல்லையா? உண்டு. குவியல் குவியலாக உண்டு. என் அக்காளின் மனுவுக்கு, மணம் மெய்யென்று காட்ட மேலும் சான்று வேண்டும் என்று ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தபோது, எங்கள் தந்தையார் பீரோவைத் திறந்து முதலில் எடுத்தது மொய் நோட்டு. நானூறுக்கும் மேற்பட்ட பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் ஊர், உறவு, தொகை. யார் எவ்வளவு செய்தார், நாளை அவர் வீட்டு விசேஷத்தில் நாம் எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்ற கணக்கு. பொய்த் திருமணத்துக்கு நானூறு குடும்பம் கடன்படுமா? இதைவிடக் கெட்டியான சான்று எந்த வங்கியில் கிடைக்கும்? ஆனால், அந்த நோட்டை மொழிபெயர்க்க ஆளில்லை. மொழிபெயர்த்தாலும் அது இன்னதென்று விளக்க இடமில்லை.

அழைப்பிதழைப் பாருங்கள். தாத்தா பெயர், தாய்மாமன் பெயர், பெரியப்பா சித்தப்பா பெயர், "தங்கள் நல்வரவை விரும்பும்" அத்தனை பேர் பெயரும் அச்சேறுகின்றன. அது வெறும் அழைப்பன்று. இரு குலங்கள் ஊரறியக் கையெழுத்திட்ட பத்திரம். குடும்ப அட்டையைப் பாருங்கள். பிறந்த வீட்டு அட்டையில் பெண்ணின் பெயரை நீக்கிப் புகுந்த வீட்டு அட்டையில் சேர்ப்பதற்கு எத்தனை நடை, எத்தனை முத்திரை! அரசே எழுதி வைத்த அந்தச் சான்று, மேல்நாட்டு அலுவலரின் மேசையில் அரிசிக் கணக்காக மட்டும் தெரிகிறது. உற்றார் உறவினரின் உறுதிமொழியும் பட்டியலில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, பின்வரிசையில் இருக்கிறது. முன்வரிசையில் நிற்பவை சொத்தும் பணமும். சொத்துள்ளவன் மணம் எளிதில் மெய்யாகிறது. இல்லாதவன் மணம் ஐயத்துக்குள்ளாகிறது.

இது இன்று முளைத்த வழக்கன்று. 1913 மார்ச்சு 14-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் கேப் மாநில உச்சநீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். இந்தியாவிலிருந்து கணவனிடம் வந்து சேர்ந்த ஒரு மனைவியை நாட்டுக்குள் விடலாமா என்பதே வழக்கு. பலதாரத்துக்கு இடந்தரும் சமய முறையில் நடந்த மணம் அந்நாட்டில் செல்லாது என்றார் அவர். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான இந்தியப் பெண்கள், சட்டத்தின் கண்ணுக்கு மனைவியர் அல்லாதவர் ஆயினர்! வெகுண்டெழுந்தனர் பெண்கள். காந்தியடிகள் தொடங்கிய அறப்போரில் தமிழ்ப் பெண்கள் முன்னணியில் நின்றனர், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தனர், சிறை புகுந்தனர். சிறையில் நோயுற்று வெளிவந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-இல் உயிர் நீத்தபோது அவருக்கு வயது பதினாறு. அதே ஆண்டில் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்து, ஒருதார மணங்களை ஏற்றுக்கொண்டது. தாலிக்குச் சட்டத்தின் ஒப்புதலைப் பெறத் தமிழ்ப்பெண் உயிரையே ஈந்த வரலாறு இது.

பிரிட்டனின் கதை இன்னும் கொடிது. 1979-இல், மணம் முடிக்க இந்தியாவிலிருந்து லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய ஆசிரியை ஒருவரைக் கன்னிமைச் சோதனைக்கு ஆளாக்கினர். இந்திய மணமகள் என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று தம் மனத்தில் ஒரு படம் வரைந்து, அதனோடு ஒரு பெண்ணின் உடலை ஒப்பிட்டனர். கார்டியன் இதழ் அதை வெளியிட, உலகம் காறி உமிழ, அந்தச் சோதனை கைவிடப்பட்டது. பின்னரும் அந்நாட்டில் ஒரு விதி இருந்தது: மணத்தின் முதன்மை நோக்கம் பிரிட்டனுக்குள் நுழைவது அன்று என்று விண்ணப்பித்தவரே மெய்ப்பிக்க வேண்டும். இல்லாத ஒன்றை இல்லை என்று மெய்ப்பிக்கும் வித்தையை எந்த அறிவியலாளன் அறிவான்? 1997-இல்தான் அந்த விதி ஒழிந்தது.

அயலாரை மட்டும் குறை கூறுவது அறமாகாது. நம் வீட்டுக் கண்ணாடியிலும் முகம் பார்ப்போம். புரோகிதரும் சடங்கும் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயிரம் பேர் கூடி வாழ்த்திய மணத்துக்கு, நெருப்பு சாட்சி இல்லை என்பதே குறை. 1967-இல் அண்ணாவின் அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தபின், உறவினர் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலும் மோதிரம் அணிவித்தாலும் தாலி கட்டினாலும் மணமே என்றாயிற்று. முன்பு நடந்தவையும் செல்லுபடியாயின. சாட்சி என்பது யார் என்ற கேள்விக்குத் தமிழகம் தந்த விடை அது: மக்களே சாட்சி.

ஆனால், அயல்நாட்டுத் துணை என்று வரும்போது நம் நாடும் கைவிரிக்கிறது. இந்தியக் குடிமகனை மணந்து ஏழாண்டு இங்கே வாழ்ந்தவர் குடியுரிமைக்குப் பதிவு செய்யலாம் என்கிறது 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு. அதே பிரிவு, சட்டவிரோதக் குடியேறிகளுக்கு அந்த வாயிலை அடைத்தும் வைக்கிறது. உயிர் பிழைக்கப் படகேறி, உரிய பயணத்தாள் இன்றி இராமேசுவரம் கரையில் இறங்கிய ஈழத் தமிழர் அந்தச் சொல்லுக்குள் சிக்கிக் கொள்கின்றனர். முகாமில் வளர்ந்த ஒருவர் தமிழகத்துப் பெண்ணை மணந்து, பிள்ளை பெற்று, பேரனைக் கண்டாலும் அந்த வாயில் திறப்பதில்லை. அங்கே மணம் மெய்யா என்ற ஐயமே இல்லை, மனிதர்தாம் செல்லாதவராகிறார்.

நாம் படிக்கும் கஞ்சிக்கோட்டையே பாருங்கள். சற்றுத் தொலைவில் வாளையாறு. அதுவே மாநில எல்லை. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, சென்னை மாநிலத்து மலபாரோடு பாலக்காடு கேரளத்தில் சேர்ந்தது. கோடு வந்தது, கொள்வினை கொடுப்பினை நிற்கவில்லை. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் பொள்ளாச்சியில் பெண் எடுக்கின்றன; கோவையில் பெண் கொடுக்கின்றன. சீர்வரிசை ஏற்றிய வண்டி எல்லையைக் கடக்கும்போது, மணமக்கள் எத்தனை நாள் பேசிப் பழகினார்கள் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால், 2020-இல் பெருந்தொற்று பரவியபோது அதே வாளையாற்றில் அனுமதிச் சீட்டு இல்லாதவர்கள் வெயிலில் காத்துக் கிடந்தனர். எல்லை என்பது எந்த நாளும் சுவராகலாம். சுவரானதும் முதலில் அது கேட்பது தாளைத்தான். எல்லை தாண்டி இங்கே படிக்க வந்த தமிழன் நான். அந்தப் பாடம் எனக்கு ஏட்டுப் பாடமன்று.

சரி, செய்ய வேண்டியது என்ன? அரசுகள் செய்ய வேண்டியது ஒன்று. நாம் செய்ய வேண்டியது ஒன்று.

அரசுகள் தம் கருவியைத் திருத்த வேண்டும். ஒரு சமுதாயம் தன் மணங்களை எப்படிப் பதிவு செய்து வைக்கிறதோ, அதை அறிந்து அதற்கேற்ற சான்றைக் கேட்க வேண்டும். ஊராரின் சொல்லுக்கு வங்கிக் கணக்கின் எடையைத் தர வேண்டும். ஐயம் எழுந்தால் ஐயத்தின் காரணத்தைச் சொல்லி, விடை கூற வாய்ப்பளிக்க வேண்டும்.

நாமோ, கருவி திருந்தும் வரை கைகட்டி நிற்கலாகாது. திருமணங்களைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று 2006-இல் உச்சநீதிமன்றம் பணித்தது. கேரளத்தில் 2008-ஆம் ஆண்டு விதிகள் 45 நாள் தருகின்றன. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் 90 நாள் தருகிறது. மண்டபத்துக்கு முன்பணம் கட்ட ஓடும் கால்கள், பதிவகத்துக்கும் நடக்கட்டும். அடுத்தது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, முன்னெழுத்துத்தான் உண்டு. பள்ளிச் சான்றிதழில் தந்தையின் முன்னெழுத்து, குடும்ப அட்டையில் கணவனின் முன்னெழுத்து, கடவுச்சீட்டில் தந்தை பெயரே கடைசிப் பெயர். போதாக்குறைக்கு, முத்துலட்சுமி என்ற ஒரு பெயர் ஆங்கில எழுத்தில் நான்கு தாளில் நான்கு விதம். ஒரே பெண்ணை நான்கு பெண்களாக்கி நாமே அனுப்பிவிட்டு, அலுவலர் ஐயப்படுகிறார் என்று நோவதில் பயனில்லை.

நம் மன்றத்துக்கும் இதில் வேலை உண்டு. இலக்கியக் கூட்டமும் பொங்கல் விழாவும் நடத்துகிறோம், நன்று. தமிழில் உள்ள அழைப்பிதழை, மொய் நோட்டை, குடும்ப அட்டையை, பாட்டியின் உறுதிமொழியைப் பிழையற்ற ஆங்கிலத்தில் பெயர்த்து, இன்ன வழக்கம் இன்ன பொருள் என்று ஒரு பக்க விளக்கமும் சேர்த்துத் தர நான்கு மாணவர்கள் போதும். தமிழும் ஆங்கிலமும் அறிந்த நாம் செய்யாவிட்டால் தரகன் செய்வான். பக்கத்துக்கு இவ்வளவு என்று பணமும் பிடுங்குவான்.

மணம் இருவர் நெஞ்சில் விளைவது. அதைக் காப்பது சுற்றம். அந்தச் சுற்றத்தின் சொல்லைச் சொத்தின் தாளுக்குக் கீழே வைக்கும் எந்த விதியும் எளியவனுக்கு இழைக்கும் அநீதியே. அலுவலகங்கள் சான்று கேட்கட்டும். கண்முன் கிடக்கும் சான்றைக் காணவும் கற்கட்டும்!