பழைய பொட்டிக்கு எந்த சி கம்பைலர்?

டிஸ்கி: இது பொட்டி தட்டுற மக்களுக்கான பதிவு. மத்தவங்களும் படிக்கலாம், உங்க வீட்டுலயும் இஞ்சினியரிங் படிக்கிற பசங்க இருப்பாங்க இல்ல? :-)

"பழைய மெஷினா? டர்போ சி போட்டுக்கோ, லைட்டா இருக்கும்." இந்த அட்வைஸைக் கேக்காம நம்ம ஊர்ல இஞ்சினியரிங் முடிச்சவங்க ரொம்பக் கம்மி. லைட்டா இருக்கும்ங்கறது உண்மைதான், இல்லன்னு சொல்லல. ஆனா அந்த டர்போ சி++ 3.0 வந்தது 1991ல. சி++க்கு முதல் ஸ்டாண்டர்டு வந்ததே 1998ல. 64-பிட் விண்டோஸ்ல அது நேரா ஓடாது. டாஸ்பாக்ஸ்னு ஒண்ணைப் போட்டு, அதுக்குள்ள ஒரு டாஸைக் கிளப்பி, அதுக்குள்ள ஓட்டணும். செத்த பாம்பை அடிக்கறேன்னு நினைக்காதீங்க, பாம்பு இன்னும் பல லேப்ல படமெடுத்து ஆடிக்கிட்டு இருக்கு.

எங்க நெட்டுக்குப்பத்துல பக்கத்துத் தெருப் பையன் ஒருத்தன் காலேஜ் சேந்திருக்கான். அப்பா கடலுக்குப் போறவர். லேப்டாப் வாங்க வழியில்ல. ரிச்சி ஸ்ட்ரீட்ல யாரோ ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட பென்டியம் 4 வொர்க்ஸ்டேஷன் ஒண்ணைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. 1 ஜிபி ராம். முகத்துவாரத்து உப்புக்காத்துல அது எத்தனை மாசம் தாங்குமோ, அது தனிக் கவலை. "ண்ணா, டர்போ சி போட்டுக் குடுங்கண்ணா, காலேஜ்ல அதான்"னு வந்து நின்னான்.

போட்டுக் குடுக்கறது அஞ்சு நிமிஷ வேலை. ஆனா அவன்கிட்ட இருக்கறது அந்த ஒரு பொட்டிதான். தப்பு பண்ணா தட்டிக் கேக்க வீட்டுல வேற யாருக்கும் சி தெரியாது. அதனால கம்பைலர்தான் அவனுக்கு வாத்தியார்.

இந்த வாத்தியார் என்ன சொல்லித் தருவார்னு பாருங்க. டர்போல இன்ட்டுக்கு 2 பைட்தான், 32767க்கு மேல தாங்காது. 200ஐ 200ஆல பெருக்கி இன்ட்ல போட்டு பிரின்ட் பண்ணா மைனஸ் 25536 வரும். நல் பாயின்டர் வழியா எழுதினா லினக்ஸ்ல புரோகிராம் அந்த இடத்துலயே செத்து விழும். டாஸ்ல நினைவகப் பாதுகாப்பே கிடையாது. புரோகிராம் ஜம்முனு ஓடி முடிச்சுட்டு, கடைசியில 'நல் பாயின்டர் அசைன்மென்ட்'னு ஒரு வரி சொன்னாத்தான் உண்டு. எங்க தப்புன்னு சொல்லாது. இதைவிடக் கொடுமை, ஐ = 5ன்னு வெச்சு ஐ++ + ++ஐ என்ன வரும்னு கேக்கற கேள்வி. அதுக்கு விடையே கிடையாதுங்கறதுதான் ஸ்டாண்டர்டோட விடை. டர்போ காட்டின நம்பரைச் சரியான விடைன்னு மனப்பாடம் பண்ண கூட்டம் எவ்வளவு பெருசு!

சரி, வேற எதைப் போடறது? என் ஓட்டு ஜிசிசிக்கு. அதுக்காக இருக்கறதுலயே புதுசை இறக்கி சோர்ஸ்ல இருந்து கட்டறேன்னு கிளம்பிடாதீங்க. 1 ஜிபி ராம்ல அது ராத்திரி பூரா ஓடியும் முடியாம நிக்கலாம். டிஸ்ட்ரோகாரங்க கட்டி, சோதிச்சு, ஆயிரக்கணக்கான பேக்கேஜை அதுலயே கம்பைல் பண்ணிக் குடுக்கற ஜிசிசி எதுவோ அதுதான் நம்பகம். டெபியன் 13 (2025) பழைய 32-பிட் மெஷின்ல புதுசா இன்ஸ்டால் பண்ற வழியை எடுத்துட்டாங்க. அதனால 2023ல வந்த டெபியன் 12ஐப் போட்டேன். அதுல ஜிசிசி 12 வருது. எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப், ஒரு எடிட்டர், போதும்.

வெர்ஷன் நம்பரைப் பாத்து மயங்கக்கூடாதுன்னு சொல்ல ஒரு பழைய கதை இருக்கு. 2000ல ரெட்ஹாட் 7.0 கூட ஜிசிசி 2.96ன்னு ஒண்ணு வந்துச்சு. அப்படி ஒரு ரிலீஸையே நாங்க விடலைன்னு ஜிசிசிகாரங்க அறிக்கை விட்டாங்க. கெர்னலைக் கம்பைல் பண்ண கேஜிசிசின்னு தனியா இன்னொரு பழைய கம்பைலரையும் ரெட்ஹாட்டே சேத்துக் குடுக்க வேண்டியிருந்துச்சு!

பழைய 32-பிட் பொட்டிக்குன்னே ஒரு வில்லங்கம் இருக்கு, இதை யாரும் சொல்றதில்ல. தசமக் கணக்கை ஜிசிசி அங்க எக்ஸ்87ங்கற பழைய யூனிட்ல செய்யும். ரிஜிஸ்டர்ல 80 பிட், மெமரிக்கு வந்தா 64 பிட். அதனால ஒரே கணக்கை ரெண்டு தடவை போட்டு சமமான்னு கேட்டா 'இல்ல'ன்னு சொல்ல வாய்ப்பு இருக்கு. ஜிசிசி பிழைப்பட்டியல்ல 323ஆம் நம்பர்னா பொட்டி தட்டறவங்க சிரிப்பாங்க, அது இதுதான். பென்டியம் 4ல எஸ்எஸ்இ2 இருக்கு, அதைப் பயன்படுத்தச் சொல்லி ஆப்ஷன் குடுத்துட்டா தீர்ந்துது. கூடவே வார்னிங் எல்லாத்தையும் காட்டச் சொல்ற ஆப்ஷனையும் ஒரு ஸ்க்ரிப்ட்ல போட்டு வெச்சுட்டேன், பையன் தினம் டைப் அடிக்க வேண்டாம்.

ஃபேப்ரிஸ் பெல்லார்டோட டிசிசியையும் துணைக்கு வெச்சுக்கலாம். குட்டியூண்டு சைஸ், கண் சிமிட்டறதுக்குள்ள கம்பைல் பண்ணும். ஆனா ஆப்டிமைசேஷன்னு பேருக்குக்கூட பெருசா எதுவும் கிடையாது. அதை மட்டும் நம்பாதீங்க.

ஜிசிசில பிழையே இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. 2011ல யூட்டா பல்கலைக்கழகத்துக்காரங்க சிஸ்மித்னு ஒரு கருவியை வெச்சு ஜிசிசி, எல்எல்விஎம் உட்பட பல கம்பைலர்கள்ல 325க்கு மேல பிழை கண்டுபிடிச்சாங்க. ஆனா வெளிய சொன்னாங்க, திருத்தினாங்க. டர்போல இன்னிக்கு ஒரு பிழை கண்டுபிடிச்சா யார்கிட்ட போய்ச் சொல்றது?

காலேஜ்ல பாடம் எடுக்கற பதிவர்கள் இங்க சிலர் இருக்கீங்க. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். பசங்க ரெக்கார்டு நோட்டுல வாய்டு மெயினும் கிளியர் ஸ்க்ரீனும் இல்லன்னு மார்க்கைக் குறைக்காதீங்க. ஜிசிசி அவுட்புட்டை ஒட்டிட்டு வந்தா கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்.