அறத்துக்கு ஆடிய ஆட்டம், கணக்கில் சேர்ந்த ரன்கள்

மூணாறு தேநீர்க் கடைகளில் கிரிக்கெட் பேச்சு சூடு பிடிக்க இன்னமும் ஒரு பழைய ஆட்டம் போதும்: 2005 ஜனவரி 10 அன்று மெல்போர்னில் நடந்த சுனாமி நிவாரண ஒருநாள் போட்டி. பேரலை அடித்து 15 நாட்களே ஆகியிருந்தன. கொல்லம் மாவட்டத்து ஆலப்பாட்டிலிருந்து நாகப்பட்டினம் வரை கடற்கரை துக்கத்தில் கிடந்தது. மெல்போர்ன் அரங்கிலோ 70,000 பேர். ரிக்கி பாண்டிங்கின் உலக அணி 344 ரன் குவித்தது. சவுரவ் கங்குலியின் ஆசிய அணி 232க்குச் சுருண்டது. ஆசியத் தரப்பில் நின்று ஆடியவர் ராகுல் திராவிட் மட்டுமே, ஆட்டமிழக்காமல் 75. திரண்ட நிதி ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆஸ்திரேலிய டாலர்.

நிதியைப் பற்றி யாருக்கும் தகராறு இல்லை. தகராறு பாண்டிங் அடித்த 115 ரன்னைப் பற்றி. நன்கொடைக்காக அவசரமாகச் சேர்த்த இரு அணிகள் மோதிய ஆட்டத்துக்கு சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அதிகாரபூர்வ ஒருநாள் போட்டி என்ற தகுதியை வழங்கிவிட்டது. விளைவு, பாண்டிங்கின் 30 ஒருநாள் சதங்களில் 29தான் ஆஸ்திரேலியாவுக்காக அடித்தவை. தர்மத்துக்கு ஆடியதைச் சாதனைக் கணக்கில் எழுதலாமா என்பது ஒரு கட்சி. ஆசிய அணி வீசிய பந்துகள் நிஜம்தானே என்பது எதிர்க்கட்சி. இரண்டாவது கட்சியின் வாதத்தில் வலு அதிகம். ஆனால் முதல் கட்சியின் குரல்தான் உரக்கக் கேட்கும்.

பார்த்தவர் எத்தனை பேர் என்பது வேறு கதை. அன்று திங்கட்கிழமை. பகலிரவு ஆட்டம் இந்தியாவில் காலையிலேயே தொடங்கிவிட்டது. தேவிகுளம், பீர்மேடு எஸ்டேட்டுகளில் அது கொழுந்து கிள்ளும் நேரம். பாண்டிங்கின் சதத்தைப் பார்க்க வேலைக்கு மட்டம் போட்டிருக்க வேண்டும். மலை மறைக்கும் பள்ளத்தாக்குகளில் ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் புள்ளி மழைதான். பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைச் சமவெளிக்காரர்களுக்கு அந்த அவஸ்தை இல்லை. சந்தாக் கட்டத் தேவையில்லாத தூர்தர்ஷன் டிஷ் சேவை தொடங்கியதே 2004 டிசம்பரில்தான்.

முக்கிய ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் சேனல்கள் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்ற சட்டம் 2007இல் வந்தது. அதில் ஒரு சூட்சுமம். தேச முக்கியத்துவம் என்று அறிவிக்கப்படுபவை பெரும்பாலும் இந்திய அணி ஆடும் போட்டிகள். திராவிடும் சேவாக்கும் கும்ப்ளேயும் ஆடினாலும் ஆசிய அணி இந்திய அணி ஆகாது. 2017இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு கதவையும் சாத்தியது: அப்படிப் பகிரப்படும் ஒளிபரப்பு தூர்தர்ஷனின் சொந்தக் கோபுரங்களுக்கும் டிஷ்ஷுக்கும் மட்டும், கேபிள்காரர் எடுத்துக் கொடுக்க முடியாது. மெல்போர்ன் போல இன்னொரு நன்கொடை ஆட்டம் நடந்தால், இலவச டிஷ் வைத்திருக்கும் லயத்து வீட்டுக்குக் காட்டியே தீர வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. உதவி கேட்டு நடத்தும் ஆட்டத்தையாவது எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டாமா என்ற கேள்விக்கு டெல்லியில் பதில் இல்லை.

தோட்டத் தமிழர்களுக்கு அந்த ஆட்டத்தில் தனிப் பிடிப்பு ஒன்று உண்டு: முத்தையா முரளிதரன். அவருடைய தாத்தா தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். மூணாறு மலையேறிய குடும்பங்களின் கதையும் அதேதான், நடுவில் கடல் மட்டும் இல்லை. தோள் அறுவை சிகிச்சைக்காக ஒதுங்கியிருந்த முரளி அன்று பந்தைக் கையில் எடுத்து மூன்று விக்கெட் சாய்த்தார். அவருடைய 534 ஒருநாள் விக்கெட்டுகளில் அந்த மூன்றும் அடக்கம். இதற்கு மட்டும் முதல் கட்சிக்காரர்கள் ஆட்சேபம் சொல்வதில்லை!

அலை சிதைத்த காலே மைதானம் 2007 டிசம்பரில் மீண்டும் டெஸ்ட் ஆட்டம் கண்டது. 2010 ஜூலையில் முரளி தன் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்து விடைபெற்றதும் அங்கேதான்.