முத்திரையிலே ஒரு குட்டி

அண்மையில் ஒரு மாலை, அயல்வீட்டுச் சிறுவன் தன் முத்திரை அல்பத்துடன் என்னிடம் வந்தான். அரசர்களின் தலைகளும் பாலங்களும் அணைக்கட்டுகளும் நிறைந்த பக்கங்களை விரைவாகத் தள்ளிவிட்டு ஓரிடத்தில் நிறுத்தினான். ஜேர்மனி நாட்டு முத்திரை ஒன்று. அதிலே ஒரு வெண்ணிறத் துருவக் கரடி. “இந்தக் குட்டி இப்ப எங்கை இருக்குது, மாமா?” என்று கேட்டான். நான் உடனே விடை கூறவில்லை. விடை எனக்குத் தெரிந்திருந்ததே அதற்குக் காரணம்.

விலங்குகள் முத்திரையில் இடம்பெற்றமை புதிதன்று. இங்கிலாந்து 1840 ஆம் ஆண்டில் முதல் முத்திரையை வெளியிட்டுப் பதினோராண்டு கழிவதற்குள், கனடா 1851 இல் தன் மூன்று பென்ஸ் முத்திரையில் பீவர் என்னும் விலங்கைப் பொறித்தது. அது வளர்ந்த விலங்கு. நாட்டின் உழைப்புக்குச் சின்னமாக நின்றது. இன்றோ பல நாடுகளின் தபாற்பகுதியினர் கன்றுகளையும் குருளைகளையும் தேடிப்பிடித்து முத்திரையில் ஏற்றுகின்றனர். பெரிய தலை, அகன்ற கண், உருண்ட கன்னம் ஆகியவற்றைக் கண்டால் மனித மனம் தானாகவே இளகிவிடும் என்று கொன்றாட் லோறன்ஸ் என்னும் விலங்கியல் அறிஞர் 1943 இல் எடுத்துக்காட்டினார். அந்த இளக்கம் இயற்கையானது; அதனைக் குறைகூற வேண்டியதில்லை. அந்த இளக்கத்தைக் கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

சிறுவன் காட்டிய கரடியின் பெயர் கினூட். 2006 ஆம் ஆண்டு டிசெம்பர் 5 ஆந் திகதி பேர்லின் மிருகக்காட்சிச்சாலையிற் பிறந்தது. தாய் அதனை ஏற்கவில்லை. உடன்பிறந்த குட்டி நான்கு நாளில் இறந்துபோக, எஞ்சிய இதனைக் காவலர் ஒருவர் இரவும் பகலும் அருகிருந்து புட்டிப்பால் ஊட்டி வளர்த்தார். அடுத்த ஆண்டு அது மக்கள்முன் வந்தபோது உலகமே அதனைக் கொண்டாடிற்று. அதன் பெயர் வணிகக் குறியாகப் பதிவாயிற்று. பொம்மைகள் விற்பனையாயின. 2008 இல் ஜேர்மன் அரசு முத்திரையும் வெளியிட்டது. தபாற் கட்டணம் 55 சதம். சுற்றாடற் பாதுகாப்புக்கென மேலும் 25 சதம். அந்த 25 சதத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. தந்தைக் கரடிக்கு உரிமை பூண்ட மற்றொரு மிருகக்காட்சிச்சாலை வருமானத்திற் பங்கு கேட்டு வழக்காடிற்று. 2009 இல் 430,000 யூரோ கைமாறி வழக்குத் தீர்ந்தது. குட்டியோ வளர்ந்துகொண்டே இருந்தது. 2011 மார்ச் 19 ஆந் திகதி, பார்வையாளர் பலர் கண்ணெதிரே, மூளை அழற்சியினால் துடித்துத் தடாகத்தில் வீழ்ந்து மாண்டது. கூட்டிலே முப்பது ஆண்டுவரை வாழக்கூடிய இனம் அது. கினூட்டுக்குக் கிடைத்தது நான்கு ஆண்டு. நோய் யாருடைய குற்றமுமன்று. ஆனால், அந்தக் குட்டிக்காக உருகிய உள்ளங்களுள் எத்தனை, உருகிக் குறையும் வடதுருவப் பனியை எண்ணி உருகின?

அதே 2011 இல் அமெரிக்க ஐக்கிய நாடு வேறொரு முத்திரையை வெளியிட்டது. அழிந்துவரும் இனங்களைக் காப்பதற்கென்று சட்டம் இயற்றியே வெளியிட்ட முத்திரை அது. அதில் அமூர்ப் புலியின் குருளை ஒன்றன் முகம். சாதாரண முத்திரை 44 சதமாயிருக்க, இது 55 சதம். மேலதிகப் பணம் புலி, காண்டாமிருகம், யானை, மனிதக் குரங்கு, கடலாமை ஆகியவற்றைக் காக்கும் நிதிக்குச் சென்றது. ஆசிய யானையும் அந்நிதியின் அரவணைப்பில் அடங்கும். எங்கோ ஒருவர் புலிக்குருளையின் முகத்துக்கு மயங்கிக் கொடுத்த பதினொரு சதத்தில் ஒரு துளி, நம் ஆசியக் காட்டு யானைக்கும் உரியதாகிறது. குழந்தை முகம் தன் முழு இனத்துக்கும் உழைக்கும் முறை இதுவே.

தமிழர்க்கு இது புதிய பாடமன்று. தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்கள் ஒன்பதை வகுத்து, எந்தப் பெயர் எந்த உயிருக்கு உரியது என்றும் உரைத்தார். யானைக்குக் கன்று, புலிக்குக் குருளை எனப் பெயரிலேயே பெற்றோரின் இனம் புலப்படும். நாம் இன்று எல்லாவற்றையும் ‘குட்டி’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம். சொல்லோடு பார்வையும் சுருங்கிவிட்டது. குட்டியைக் காண்கிறோம், அது ஆகப்போகும் விலங்கைக் காண மறுக்கிறோம்.

நம் நாட்டில் இந்த மறுப்புக்கு விலை அதிகம். யானைக்கன்றின் படத்தைக் கண்டு மகிழாதார் இங்கு இல்லை. ஆனால் 2023 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் நானூறுக்கு மேற்பட்ட யானைகள் மடிந்தன. நூறுக்கு மேற்பட்ட மனிதரும் யானையால் மாண்டனர். உணவுக்குள் மறைத்து வைக்கும் ‘ஹக்கபட்டாஸ்’ வெடிக்கு வாய் சிதைந்து சாவனவற்றுள் இளம் யானைகளே மிகுதி. இதற்காக வன்னியிலோ மட்டக்களப்பிலோ ஒரே இரவில் வயலை இழந்த கமக்காரனை, நகரத்தில் இருந்துகொண்டு பழிப்பது அறமன்று. முத்திரையிலுள்ள கன்றை நேசிப்பது நமக்கு இலவசம். வளர்ந்த யானையோடு வாழ்வது அவனுக்குச் சுமை. அந்தச் சுமையிற் சிறுபங்கை நாமும் ஏற்றல் வேண்டும்.

ஆதலின் என் கருத்து இது. விலங்குக் கன்றுகளை முத்திரையில் தாராளமாகப் பொறிக்கட்டும். ஆனால் தனியே பொறிக்க வேண்டாம். தாயும் காடும் உடன் இருக்கட்டும். நம் தபாற் திணைக்களமும் யானைக்கன்று முத்திரை ஒன்றை மேலதிகக் கட்டணத்துடன் வெளியிட்டு, அப்பணத்தை வயலோர மின்வேலிக்கும் காட்டின் பேணலுக்கும் சரிபாதியாய் வழங்கலாம். கன்றும் பிழைக்கும், கமக்காரனும் பிழைப்பான்.

சிறுவனிடம் உண்மையையே சொன்னேன். சிறிது நேரம் முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்பு, “அப்ப இது பெரிசா வளர்ந்த படம் எங்கையாவது கிடைக்குமோ?” என்று கேட்டான். தேடித் தருவதாக வாக்களித்திருக்கிறேன்.