குதிரை எத்தனை என்று கேட்காதீர்கள்!

லாரி வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஹெச்.பி.?" இரண்டாவது கேள்வி, "விலையில் எவ்வளவு குறைப்பீர்கள்?" இரண்டுமே தப்பான கேள்விகள் என்பது என் கட்சி. வண்டி எந்த ரோட்டில், எவ்வளவு பாரத்தோடு, நாளைக்கு எத்தனை தடவை நின்று கிளம்பப் போகிறது? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

லாரி ஓட்டத் தெரியாத குமாஸ்தாவுக்கு இதில் என்ன வேலை என்று நினைப்பீர்கள். அரசாங்க வண்டிகளுக்கான டெண்டர் கோப்புகளும், பிற்பாடு அதே வண்டிகளின் ரிப்பேர் பில்களும் என் மேசை வழியாகத்தான் போயின. குறைந்த விலை சொன்னவருக்கு ஆர்டர் என்று விதி இருந்தது. வாங்கிய பிறகு ஆகும் டீசலையும் ரிப்பேரையும் அந்த விலையோடு கூட்டிப் பார்க்கச் சொல்ல யாரும் இல்லை. குறிப்பெழுதி மேலே அனுப்பினேன். 'பார்த்தேன்' என்று கையெழுத்தோடு திரும்பி வந்தது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு இயற்பியல் பாடத்தில் இரண்டு சொற்கள் உண்டு. 'புயிசான்ஸ்' என்றால் திறன். 'கூப்ள்' என்றால் முறுக்கு விசை, இங்கே எல்லோரும் டார்க் என்கிறார்கள். டார்க்கை எஞ்சின் சுழலும் வேகத்தால் பெருக்கினால் கிடைப்பதுதான் ஹெச்.பி. ஆகவே சின்ன எஞ்சின்கூட வேகமாகச் சுழன்று பெரிய ஹெச்.பி. காட்டிவிடும். அந்த இழுவை எத்தனை ஆர்.பி.எம்.மில் கிடைக்கிறது என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

ஊருக்குள் பாலும் சிலிண்டரும் இறக்கும் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நின்று நின்று கிளம்புவதுதான் அதன் பிழைப்பு. குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும் சின்ன எஞ்சின் அதற்குப் போதும். 2005இல் டாடா ஏஸ் வந்தபோது அதில் இருந்தது இரண்டே சிலிண்டர், சுமார் 700 சிசி, 16 ஹெச்.பி. சந்து சந்தாகப் புகுந்து எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது.

பெரிய எஞ்சின் இருந்தால் என்ன கெட்டுவிடும் என்கிறீர்களா? 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் டீசல் லாரிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிய நல்ல சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் பாரத்தோடு மணிக்கணக்கில் ஓடினால் அந்தச் சூடு எளிதாகக் கிடைக்கும். ஐந்து கிலோமீட்டருக்குள் பத்துக் கடையில் நிற்கும் வண்டியில் கிடைக்காது. அதிலும் தேவைக்கு மேல் பெரிய எஞ்சின் என்றால் சூடாவதற்குள் அணைத்துவிடுவார்கள். வடிகட்டி அடைத்துக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கு எரியும், இழுவை குறையும், வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும். தவணை மட்டும் நிற்காது.

தொலைதூர ஓட்டத்தில் கணக்கே வேறு. மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடும் லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் 2,500 லிட்டர் டீசல். அதுவே நாலரை கொடுத்தால் சுமார் 2,220 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 25,000 ரூபாய் மிச்சம். இங்கே பெரிய கொள்ளளவு, குறைந்த சுழற்சியில் அலட்டாமல் இழுக்கும் எஞ்சின், அதற்குப் பொருத்தமான பின்னச்சு விகிதம் ஆகியவற்றுக்கு இரண்டு லட்சம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் ஊர் வண்டிக்கு, லிட்டருக்கு 8 கிலோமீட்டர் எட்டரை ஆனால் மாதம் ஆயிரம் ரூபாய்தான் மிஞ்சும். அதற்குப் போய் லட்சக்கணக்கில் கொட்டுவது வீண்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் எத்தனை லாரிகள் உருண்டிருக்கின்றன! டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவது அதற்கு ஒரு காரணம். நியூட்ரலில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. பிரேக்தான் முழுப் பாரத்தையும் தாங்கிச் சூடேறிக் கைவிடும். இன்றைய எஞ்சினில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இறக்கத்தில் டீசலே பாயாது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்க டீசல் குடிக்கும். ஆக, மிச்சம் என்பதே பொய். முதலாளி இதை ஓட்டுநருக்குச் சொல்வதில்லை. மைலேஜ் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பேன் என்று மட்டும் சொல்கிறார். மலைப்பாதை ஓடும் வண்டிக்கு நல்ல எஞ்சின் பிரேக் இருக்கிறதா என்று கேட்காமல் கையெழுத்துப் போடுபவர், இன்னொருவர் உயிரை வைத்துப் பேரம் பேசுகிறார் என்பேன்.

அரசாங்கத்துக்கு ஒரு வார்த்தை: விலையோடு ஐந்து வருஷ டீசலையும் பராமரிப்பையும் கூட்டி டெண்டரை முடிவு செய்யுங்கள். நகை அடகு வைத்து வண்டி எடுக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: ஷோரூமுக்குப் போகும்போது ஓட்டப்போகிற ஆளையும் கூட்டிப் போங்கள். குதிரை எத்தனை என்று அவர் கேட்கமாட்டார். எந்த மேட்டில் எந்த கியரில் ஏறும் என்றுதான் கேட்பார்.