பட்டர் மேல பழி போடாதீங்க சாமிகளா!

கோல்ஃப் ஆடுற நம்ம மக்கள்கிட்ட ஒரு வியாதி இருக்கு. ஒரே கிரீன்ல மூணு பட் போட்டா உடனே பட்டரை மாத்தணும். (பட்டர்னா வெண்ணெய் இல்லீங்க, கிரீன்ல பந்தை உருட்டுற குச்சி.) நானூறு, ஐநூறு டாலர் கொடுத்து புதுசு வாங்குவாங்க. ரெண்டு வாரம் கொஞ்சுவாங்க. மூணாவது வாரம் மறுபடியும் மூணு பட். அப்புறம் யூடியூப்ல உக்காந்து லைன் பார்க்கப் படிப்பாங்க. பந்துல கோடு போட்டு, அதைக் குழிக்கு நேரா வெச்சு, ஒரு கண்ணை மூடி, குனிஞ்சு நிமிர்ந்து... பின்னாடி நாலு பேர் காத்துக்கிட்டு நிக்கிறாங்கண்ணே!

இவ்வளவு பூஜையும் முடிச்சு அடிச்சா, 30 அடி போக வேண்டிய பந்து 22 அடியில நின்னுடும். கேட்டா, "லைன் தப்பாயிடுச்சுப்பா"ம்பாங்க. லைனா?

சரி, கணக்கு போடுவோம். சமமான கிரீன், 30 அடி பட். திசை 2 டிகிரி தப்புது. கோல்ஃப்ல அது ரொம்பவே மோசமான அடி. அப்பவும் பந்து குழிக்குப் பக்கவாட்டுல ஒரு அடி தள்ளித்தான் நிக்கும். இப்போ திசை பக்கா, வேகம் மட்டும் 10 சதவீதம் கூடிப் போச்சு. பிளஸ் ஒன் பிசிக்ஸ் ஞாபகம் இருக்கா? தூரம் வேகத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால தூரம் 21 சதவீதம் கூடி, பந்து 6 அடிக்கு மேல தாண்டி ஓடிடும். எது பெரிய தப்பு, நீங்களே சொல்லுங்க.

மிச்சம் எத்தனை அடிங்கிறதுதான் இங்க எல்லாமே. பிஜிஏ டூர்ல ஆடுற ஜாம்பவான்களே 3 அடியில நூத்துக்கு 99 போடுவாங்க. 8 அடியில? பாதிதான். அதாவது மொதல் பட்டை 8 அடி தள்ளி நிறுத்திட்டு, "அடுத்தது போயிருக்கணுமே"ன்னு தலையில அடிச்சுக்கிறவர், உலகத்துல சிறந்த ஆட்டக்காரங்களே பாதி தடவை கோட்டை விடுறதை தன்கிட்ட எதிர்பார்க்கிறார். இதுல பட்டர் என்னங்க பண்ணும், பாவம்!

குறியே முக்கியமில்லைன்னு சொல்ல வரலை. குழியோட விட்டம் 4.25 இஞ்ச். மெதுவா வர்ற பந்துக்கு 3 அடியில ரெண்டு பக்கமும் சுமார் 3.4 டிகிரி சலுகை உண்டு. 10 அடியில அது 1 டிகிரிதான். பந்து கிளம்புற திசையைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது பட்டரோட முகம். அதனால கிட்ட இருக்கிற பட்டுக்கு முகத்தை நேரா வைக்கப் பழகுங்க. ஆனா சரிவுல லைன்ங்கிறதே வேகத்தைப் பொறுத்ததுதானே? மெதுவா போனா அதிகமா வளையும், வேகமா போனா கம்மியா வளையும். வேகத்தை முடிவு பண்ணாம லைன் பார்க்கிறது, இன்புட் தெரியாம அவுட்புட் எழுதி வைக்கிற மாதிரி.

இன்னொரு கோஷ்டி இருக்கு. "எட்டாத பந்து விழாது, ஓங்கி அடி"ன்னு தத்துவம் பேசுவாங்க. எட்டாத பந்து விழாதுங்கிறது சரி. ஆனா ஓங்கி அடிச்ச பந்து நட்ட நடுவுல போனாத்தான் விழும். ஓரத்துல பட்டா ஒரு சுத்து சுத்திட்டு வெளிய வந்துடும். ஓங்க ஓங்க குழி சுருங்குதுங்க.

மைதானத்துக்கு மைதானம் கிரீன் வேகமும் மாறும். 1935-ல எட்வர்ட் ஸ்டிம்ப்சன் இதை அளக்க ஒரு சரிவுப்பலகை கண்டுபிடிச்சார், ஸ்டிம்ப்மீட்டர்னு பேர். அதுல இருந்து உருள விட்ட பந்து எத்தனை அடி ஓடுதோ அதுதான் கிரீனோட வேகம். 8 காட்டுற கிரீன்ல 20 அடி போற அதே தட்டு, 11 காட்டுற கிரீன்ல 27 அடி போயிடும். ஆட்டத்துக்கு முன்னாடி பத்து நிமிஷம் பிராக்டிஸ் கிரீன்ல உருட்டிப் பார்க்காம நேரா மொதல் டீக்கு ஓடுறவருக்கு இது எப்படித் தெரியும்?

என்ன பண்ணலாம்? ரொம்ப சிம்பிள். 20, 30, 40 அடியில ஒவ்வொரு டீ குத்துங்க. குழியை மறந்துட்டு, அந்த டீயைச் சுத்தி 3 அடி வட்டத்துக்குள்ள பந்து நிக்கணும்னு மட்டும் பாருங்க. தூரம் கூடக் கூட, கையால குத்தாம, பட்டரைப் பின்னாடி இழுக்கிற நீளத்தைக் கூட்டுங்க. தாளம் மாறக்கூடாது. ஒரே இடத்துல இருந்து திரும்பத் திரும்ப அடிக்காம, ஒவ்வொரு பந்துக்கும் தூரத்தை மாத்துங்க. ஆட்டத்துல ஒரே பட்டை ரெண்டாவது தடவை எவனும் தரமாட்டான்.

எனக்குக் கோவம் வர்றது எங்கேன்னா, புதுசா ஆட வர்ற பசங்ககிட்ட "நல்ல பட்டர் இல்லாம ஒண்ணும் முடியாது தம்பி"ன்னு பெருசுங்க அடிச்சு விடுறப்பதான். இருக்கிறதுலயே காசு கம்மியா, உடம்பு பலம் தேவைப்படாம, யார் வேணா பழகக்கூடிய பகுதி பட்டிங். அதுக்கும் ஒரு விலைச்சீட்டு ஒட்டி அவனை வாசல்லயே திருப்பி அனுப்பாதீங்க. கையில இருக்கிற பழைய குச்சியை வெச்சு வாரத்துக்கு அரை மணி நேரம் உருட்டச் சொல்லுங்க.

டிஸ்கி: புது பட்டர் வாங்கியே தீருவேன்னு அடம் பிடிக்கிறவங்க தாராளமா வாங்கிக்கலாம். அழகா இருக்குன்னு சொல்லி வாங்குங்க, ஸ்கோர் குறையும்னு சொல்லி வாங்காதீங்க :-)